சேமநிதி மட்டும் போதாது, தசையையும் சேமியுங்கள்!



உடற்பயிற்சி என்று வாயைத் திறந்தாலே நம் தோட்டத்துப் பெண்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "என்னாங்க டிரசரையா, காலம்பூரா வேலை செஞ்ச உடம்பு இது. இதுக்கு மேல என்னா எக்ஸர்சைஸ்? அதெல்லாம் பட்டணத்துல உக்காந்து வேலை செய்ற பொம்பளைங்களுக்கு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. வாழ்நாள் முழுவதும் உழைத்த இந்தப் பெண்கள்தாம், ஐம்பத்தைந்து வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளினிக் படி ஏறுகிறார்கள். அறுபது வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேடுகிறார்கள். உழைப்பே போதும் என்றால், ஜொகூர் மாநிலத்திலேயே பலசாலிகள் நம் தோட்டத்துப் பாட்டிமார்களாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் அப்படி இல்லை? இதைத்தான் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

வேலை வேறு, பயிற்சி வேறு

பால் மரம் வெட்டுகிறவர் ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்கிறார். அத்தனை மரத்துக்கும் ஒரே பக்கம், ஒரே வளைவு, ஒரே கை. செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர் காலையிலிருந்து குந்தியபடியே நகர்கிறார். உரம் போடுகிறவர் உடம்பின் ஒரு பக்கத்தில் வாளியைத் தாங்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்குகிறார். இதிலெல்லாம் சில தசைகள் தேய்ந்து போகின்றன, சில தசைகளுக்கு வேலையே இல்லை. களைத்துப் போனாலும் நிறுத்த முடியாது. ஏனென்றால் சம்பளம் நிறையைப் பார்த்து வருகிறது. முதுகைப் பார்த்து வருவதில்லை.

வலிமைப் பயிற்சி என்பது இதற்கு நேர்மாறு. சுமை அளவோடு இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும். ஒரு நாள் செய்தால் மறுநாள் அந்தத் தசைக்கு ஓய்வு. உடம்பு பழகப் பழகச் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். தசை வளர்வது தூக்கும் நேரத்தில் அல்ல. தூக்கி முடித்து, சாப்பிட்டு, ஓய்வெடுக்கும் நேரத்தில். தோட்ட வேலையில் இல்லாமல் போனது இந்த ஓய்வுதான்.

இன்னொன்றும் உண்டு. வேலை ஒரு நாள் நின்றுவிடும். வெளியே போய்த் தாமான் வீட்டிலோ, கூலாயிலும் மாசாயிலும் உள்ள மலிவு விலை அடுக்குமாடியிலோ மகனோடு தங்குகிறோம். மேலே போக லிஃப்ட், கீழே வர லிஃப்ட், நடுவே தொலைக்காட்சி. நாற்பது வருட உழைப்பு சேர்த்து வைத்த தசை, சும்மா இருக்கும் இரண்டே வருடத்தில் கரையத் தொடங்கிவிடும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

முப்பது வயதுக்கு மேல், பத்து வருடத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். இது ஆணுக்கும் உண்டு. பெண்ணுக்கு மட்டும் இன்னொரு இடி காத்திருக்கிறது. மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு குறைந்துவிடுகிறது. எலும்பைக் காத்து வந்தது அதுதான். விலக்கு நின்ற ஐந்தாறு ஆண்டுகளில் சிலருக்கு எலும்பின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்த அன்றைக்குத்தான் தெரியும்.

தசை குறைந்தால் கால் தடுமாறும். எலும்பு மெலிந்தால் விழுந்ததும் உடையும். இடுப்பு உடைந்து படுக்கையில் விழுந்த முதியவர்களில் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. அப்போது மகள் வேலையை விட வேண்டும், அல்லது மருமகள் விட வேண்டும். ஒரு பெண் விழுந்தால் இரண்டு பெண்களின் பிழைப்பு விழுகிறது.

அடுத்தது இனிப்பு நீர். நாடு தழுவிய உடல்நல ஆய்வின்படி 2019-இல் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்த வியாதி இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துச் செலவழிப்பது தசைதான். தசை சுருங்கினால் அந்தச் சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கும். ஆகவே தசையை வளர்ப்பதும் இனிப்பு நீருக்கு ஒரு மருந்துதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரைக்குத் துணை சேர்க்கச் சொல்கிறேன்.

"கிழவிக்கு இதெல்லாம் ஆகுமா?"

ஆகும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாத்தரோன் என்னும் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்கான பளுப் பயிற்சி கொடுத்தார். எட்டு வாரம். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது. அவர்களில் இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் எலும்பு மெலிந்த, விலக்கு நின்ற பெண்களை வைத்து ஆய்வு நடத்தியது. வாரம் இரண்டு நாள், முப்பது நிமிடம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கப் பளு தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. அப்படித் தூக்காத பெண்களுக்குக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நடைப்பயிற்சி மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலிமை தரும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டுமாம்.

வெள்ளைக்காரர் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்குப் பொள்ளாச்சிக் கதை ஒன்று. 82 வயது கிட்டம்மாள் பாட்டி 2025-இல் கோயம்புத்தூரில் நடந்த பளு தூக்கும் போட்டியில் கலந்துகொண்டு 50 கிலோவைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் 50 கிலோ தூக்க வேண்டாம். பேரப்பிள்ளையைத் தூக்கும் பலம் இருந்தால் போதும்.

வீட்டிலேயே செய்யலாம்

ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கைலி கட்டிக்கொண்டே செய்யலாம்.

1. உட்கார்ந்து எழுதல்: உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாதவர் முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம்.

2. சுவர் தள்ளுதல்: சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி முன்னே சாய்ந்து, தள்ளி நிமிருங்கள்.

3. குதிகால் உயர்த்துதல்: சிங்கியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி, மூன்று எண்ணி இறங்குங்கள்.

4. போத்தல் இழுத்தல்: ஒரு கையை மேசையில் ஊன்றி முன்னே சாயுங்கள். மறு கையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து இடுப்புவரை இழுத்து இறக்குங்கள். இரண்டு கைக்கும் சமமாக.

5. அரிசிப் பை தூக்குதல்: 5 கிலோ அரிசிப் பையை ஸ்டூலின் மேல் வையுங்கள். முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பையை உடம்போடு அணைத்துத் தூக்கி, அதே மாதிரி இறக்குங்கள்.

6. ஒற்றைக்கால் நிலை: மேசையைத் தொட்டபடி ஒரு காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், பிறகு மறு கால்.

முதல் ஐந்தும் ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு சுற்று. வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. கடைசி இரண்டு தடவை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் பலன் இல்லை. பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கித் தம் பிடித்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

முதல் வாரம் தசை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்துகிற வலி, நெஞ்சு அடைப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள். இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், இனிப்பு நீரால் கண் பாதிக்கப்பட்டவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு. அதை வீணாக்காதீர்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

செங்கல் இல்லாமல் சுவர் எழும்பாது. ஒரு தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் குழம்பு, கூடவே கெட்டிப்பால் தேநீர். நம் பெண்களில் பலரின் சாப்பாடு இதுதான். மீன் துண்டு புருஷனுக்கும் பிள்ளைக்கும் போய்விடும். அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியது. இந்தத் தியாகத்தை இனி நிறுத்துங்கள். அறுபது கிலோ எடையுள்ள மூத்த பெண்ணுக்கு நாளைக்கு 60, 70 கிராம் புரதச் சத்து தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். எனவே மூன்று வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்: முட்டை, நெத்திலி, மீன், பருப்பு, கடலை, தெம்பே, தவ்வு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

"இது வீட்டு விஷயம், சங்கத்துக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். என் கருத்து வேறு. 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது சட்டம். சட்டம் ஐந்து வருடத்தை நீட்டித் தந்தது. முதுகை யார் நீட்டித் தந்தார்கள்? அந்த ஐந்து வருடச் சம்பளத்தையும் சேமநிதியையும் கையில் வாங்க உடம்பில் தெம்பு வேண்டும். தெம்பில்லாதவர் 56-இல் தானே நின்றுவிடுகிறார். உரிமை ஏட்டில் இருக்கிறது. அனுபவிக்க ஆள் இல்லை. இது தொழிற்சங்க விஷயம் இல்லையென்றால் வேறு எது?

சுமை விஷயமும் அப்படித்தான். வேலையிடப் பாதுகாப்புத் துறையான டோஷ் 2017-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இடுப்பு உயரத்தில், உடம்போடு அணைத்துத் தூக்கும் நல்ல நிலையில்கூடப் பெண்ணுக்கு 16 கிலோ என்று அதில் இருக்கிறது. உர மூட்டையோ 50 கிலோ. பயிற்சி செய்து பலம் வந்துவிட்டது என்று அதைப் பெண்ணின் தோளில் ஏற்ற யாரும் நினைக்க வேண்டாம். பலம் அவளுடைய முதுமைக்கு. தோட்டத்தின் டன் கணக்குக்கு அல்ல.

இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்து மறுநாள் பிரட்டுக்கு அனுப்புவதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. வலி மாத்திரைகளில் சிலவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு ஆபத்து இரட்டிப்பு. மாத்திரை வலியை மறைக்கும், தசையைத் தராது.

ஆகவே கிளைச் செயலவைகள் மூன்று கோரிக்கைகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்று, பெண்கள் தூக்கும் சுமை எவ்வளவு என்று வேலைக்காட்டில் நேரில் நிறுத்துப் பார்த்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுப்பது. இரண்டு, வாரம் இரண்டு மாலை அரை மணி நேரம் தோட்டத்து மண்டபத்தையோ கோயில் மண்டபத்தையோ நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் திறந்துவிடுவது. கிளினிக்கில் இருப்பவர் முதல் சில வாரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும். மூன்று, ஓய்வு பெற்றுப் போன தாய்மார்களையும் அதில் சேர்த்துக்கொள்வது. சந்தா கட்டுவது நின்றுவிட்டது என்பதற்காக உறவு நின்றுவிடாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி நாற்காலியில் எழுந்து உட்காருவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாளைக்கு உங்களைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கப் போகும் கை அதுதான்.

மலேசியப் பெண்ணின் சராசரி ஆயுள் இன்று 75-ஐத் தாண்டிவிட்டது. வேலை நின்ற பிறகும் பதினைந்து வருடம், அதற்கு மேலும் வாழ்வு இருக்கிறது. அந்தக் காலத்தைச் சொந்தக் காலில் நின்று வாழ வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். சேமநிதிக்கு மாதாமாதம் போடுகிறீர்கள். உடம்புக்கு வாரம் இரண்டு அரை மணி போடுங்கள். இன்று சாயங்காலம் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக் கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, கணக்கை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

— தோட்ட மருத்துவமனை உதவியாளர், ஜொகூர்