பத்துக்குப் பதினைந்து ஹாலும் ஒரு திவானும்

சின்ன ஹாலைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று இப்போது யாரைக் கேட்டாலும் எதையாவது வாங்கச் சொல்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போடு, எல் ஷேப் சோபா வாங்கு, டி.வி. சுவர் முழுக்கப் பலகை அடி, மூலையில் ஆளுயர விளக்கு ஒன்று வை. இடம் போதவில்லை என்பதுதான் நம் குறை; அதற்கு மருந்தாக மேலும் நாலு சாமான். என் கட்சி வேறு. ஹால் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்டைல் எல்லாம் அதற்குப் பிறகு.

சென்னைப் புறநகரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஹால் பத்துக்குப் பதினைந்து இருந்தால் நல்ல ஹால் என்றுதான் சொல்வேன். விளம்பரத்தில் 950 சதுர அடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்கட்டு, லிஃப்ட், பொது வராந்தா எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்கு அது. 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வந்தபின், வெளிச்சுவரையும் பால்கனியையும் கழித்து, உள்ளே நாம் நடமாடும் இடம் எவ்வளவு என்று கார்ப்பெட் ஏரியா கணக்கில் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்தால்தான் ஹால் ஏன் இப்படிச் சுருங்கியது என்று புரியும்.

சுருங்கியது மட்டுமல்ல, ஹாலுக்கு வழிகள் வேறு அதிகம். வாசல் கதவு, பால்கனிக் கதவு, இரண்டு படுக்கையறைகள், சமையலறை, பொதுக் குளியலறை என்று எண்ணிப் பாருங்கள், ஆறு வரும். ஒவ்வொன்றுக்கும் போக இரண்டரை அடி அகலமாவது வேண்டாமா? அதனால் நம் ஹால் பாதி அறை, பாதி நடைபாதை. சாமான் வைக்க மிஞ்சுவது 150 சதுர அடியில்லை, அதில் பாதி இருந்தால் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை மகன் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கினான். ஹால் சரியாகப் பத்துக்குப் பதினைந்து. ஓர் இன்டீரியர் கம்பெனியில் சொல்லி 3டி படம் போட்டு வாங்கியிருந்தான். ஃபோனில் காட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சாம்பல் நிறத்தில் எல் ஷேப் சோபா, கண்ணாடி டீபாய், டி.வி.யைச் சுற்றி மரப்பலகை வேலைப்பாடு, மேலே ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்திருக்கும் விளக்குகள். ஹால் ஒரு கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் என்ன குறைகிறது என்று பிடிபட்டது. படத்தில் ஆளே இல்லை. பேப்பர் இல்லை, சார்ஜர் வயர் இல்லை, வாசலில் செருப்பு இல்லை, குழந்தைகளின் பள்ளிக்கூடப் பை இல்லை. என் தங்கை படுக்கிற திவானும் இல்லை.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. ஓர் அறையில் மகனும் மருமகளும், இன்னோர் அறையில் இரண்டு பேரப்பிள்ளைகள். அவள் ஹாலில் ஜன்னலோரம் திவானில் படுத்துக்கொள்வாள். பகலில் அதே திவானில்தான் கீரை ஆய்வது, பேத்திக்குத் தலை பின்னுவது, பக்கத்து வீட்டம்மாவோடு பேசுவது எல்லாம். அடியில் இரண்டு பெரிய இழுப்பறை. வீட்டுப் போர்வை தலையணை அத்தனையும் அதற்குள்.

"அம்மா எங்கேடா படுப்பாங்க?" என்று கேட்டேன்.

"சோபாவே பெட் மாதிரி அகலம்தான் மாமா. ராத்திரி அதுலயே படுத்துக்கலாம்" என்றான்.

தங்கை முந்திக்கொண்டாள். "எனக்கென்னண்ணே, ஒரு பாயை விரிச்சு எங்கயாவது படுத்துக்குவேன். புள்ள ஆசைப்பட்டு செய்யுறான்."

பாயில் படுப்பாள், சரி. எழுந்திருப்பது எப்படி? முழங்கால் வலிக்கு அவள் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. அந்தச் சோபாவின் உட்காரும் உயரம் எவ்வளவு என்று கேட்டேன். பதினாலு அங்குலம். தாழ்வாக இருந்தால்தான் அறை உயரமாகத் தெரியுமாம். அது உண்மைதான்; சாமான் தாழ்ந்திருந்தால் அதற்கு மேலே சுவர் நிறையத் தெரியும், அறை உயர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் முட்டி வலி உள்ளவருக்குப் பதினேழு பதினெட்டு அங்குலமாவது இருந்தால்தான் கையை ஊன்றி எழ முடியும். பதினாலில் உட்கார்ந்தால் யாராவது வந்து தூக்கிவிட வேண்டும். கண்ணுக்கு நாலு அங்குலம் உயரம் கிடைக்க ஒரு மனுஷியின் முழங்காலை விலையாகக் கேட்கிறார்கள்.

படுக்கிற விஷயத்தைச் சொன்னால் செண்டிமெண்ட் பேசுகிறேன் என்பார்கள் என்று நான் அளவுநாடாவை எடுத்தேன். அந்தச் சோபாவின் நீளப் பக்கம் எட்டடி, குட்டைப் பக்கம் ஆறடி, ஆழம் மூன்றடி. மொத்தம் 33 சதுர அடி. டி.வி. யூனிட் ஏழுக்கு ஒன்றரை, பத்தரை. டீபாய் நாலுக்கு இரண்டு, எட்டு. வாசலில் தடுப்பு மாதிரி ஒரு செருப்பு அலமாரி, அது ஒரு நாலு. ஆக ஐம்பத்தைந்தரை சதுர அடி போச்சு. நாலு பேர் சாப்பிடும் மேசை இன்னும் வரவில்லை. திவான் ஆறுக்கு மூன்று, வெறும் பதினெட்டு.

எண்ணைச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. பழைய பேப்பரைச் சோபாவின் அளவுக்குத் தரையில் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அதை மிதிக்காமல் நடந்து பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாளே ஃபோன் வந்தது. சின்னவன் பால்கனிக்கு ஓடும்போதெல்லாம் பேப்பர் கிழிகிறதாம். இந்த ஒரு வித்தையை யாருக்கும் சொல்வேன். செலவில்லாதது, எந்த 3டி படத்தையும் விட உண்மை சொல்வது.

கடைசியில் திவான் ஜன்னலோரமே இருந்தது. பவானி ஜமக்காளம் ஒன்றை மேலே விரித்து இரண்டு திண்டு போட்டார்கள். எதிரே கால் வைத்த மூன்று பேர் சோபா மட்டும். கால் வைத்தது என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாமானுக்கு அடியில் தரை தெரிந்தால் சுவர் வரைக்கும் இடம் நீள்வதாகக் கண் எடுத்துக்கொள்ளும். தரையோடு தரையாக உட்கார்ந்த சோபாவோ பெட்டியோ இருந்தால் அறை அந்த இடத்தோடு முடிந்துவிடும். பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கும் நல்லது. டி.வி.யைச் சுவரில் மாட்டினாலே ஏழடி யூனிட் எதற்கு? அதன் கீழே ஒற்றைப் பலகை போதும். கண்ணாடி டீபாய் கண்ணை மறைக்காது என்பது நிஜம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுகிறவரின் கால் எலும்புக்கும் அது தெரியாது என்பதும் நிஜம். அதன் கீழே விரிக்கிற சின்னக் கம்பளம், வழவழப்பான டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வயசானவர் இருக்கிற வீட்டில் இரண்டையும் நான் சேர்க்கவே மாட்டேன்.

ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரமாகச் சொல்வது 2.75 மீட்டர், சுமார் ஒன்பதடி. நம் ஃப்ளாட்டுகளில் தளத்தின் கனம் போக ஒன்பதரை அடி இருக்கும். அதிலிருந்து ஆறு அங்குலத்தை நாமே காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிறோம். அதற்குக் கீழே ஒரு அடி இறங்கி ஃபேன். சட்டை போடக் கையைத் தூக்கும்போது உயரமான பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும். ஏ.சி. செலவு குறையும் என்கிறார்கள். ஒன்பதரை அடியில் அரையடி என்றால் காற்றின் அளவில் ஐந்து சதவீதம் சொச்சம். அதில் என்ன பெரிதாக மிச்சமாகும்? மேல் வீட்டுக் குளியலறை கசிந்தால் கறை வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. பெரிய பங்களாவில் போடட்டும், எனக்கு ஆட்சேபம் கிடையாது.

நம் பழைய வீடுகளை இங்கே இழுப்பது வழக்கம். நானும் கொஞ்சம் இழுக்கிறேன். விளக்கு வைக்கச் சுவரிலேயே மாடம், சாமானுக்குப் பரண், படுக்கைக்குச் சுருட்டி வைக்கிற பாய். தரையை அடைத்துக்கொண்டு எதுவும் நிற்காது. அதனால்தான் சின்னக் கூடத்திலும் இருபது பேர் இலை போட்டுச் சாப்பிட முடிந்தது. ஆனால் அந்தக் காலம் போல் தரையிலேயே எல்லாம் என்று புல்லரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தப் பாயிலிருந்து எழ முடியாத பாட்டிகள் அப்போதும் இருந்தார்கள்.

குறைந்த இடத்தில் வாழ்வது ஏழ்மை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். சண்டிகர் நகரத்தை வடிவமைத்தாரே லெ கார்புசியே, அவர் 1950களின் தொடக்கத்தில் பிரான்ஸின் தென் கடற்கரையில் தனக்கென்று கட்டிக்கொண்ட மரக்குடில் 3.66 மீட்டர் சதுரம், அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதற்குள்ளேயே கட்டில், மேசை, அலமாரி. உட்கார மரப்பெட்டி. சமையலறை மட்டும் கிடையாது; பக்கத்து உணவு விடுதிக்குப் போக உள்ளிருந்தே ஒரு கதவு வைத்துக்கொண்டார். அந்த வசதி நமக்கு வாய்க்காது, போகட்டும்.

கண்ணாடி மாட்டினால் ஹால் இரண்டு மடங்காகும் என்பார்கள். எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜன்னலுக்கு எதிரில் மாட்டினால் வெளிச்சமும் வானமும் உள்ளே வரும். செருப்பு அலமாரிக்கு எதிரில் மாட்டினால் செருப்புதான் இரண்டு மடங்காகும். தங்கை வீட்டில் ஜன்னலுக்கு எதிரே நாலடிக் கண்ணாடி ஒன்று மாட்டினார்கள். பகலில் பிரமாதம். "ராத்திரி எழுந்தா எதிர்ல யாரோ உட்கார்ந்திருக்காங்கண்ணே" என்று ஒரு வாரம் அவள் தூங்கவில்லை. பக்கச் சுவருக்கு மாற்றினான். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

சுவருக்கு வெளிர் நிறம் என்பது எல்லோரும் அறிந்தது. கூரைக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளை அடித்தால் மூலைகள் மங்கி, அறை எங்கே முடிகிறது என்று சட்டென்று தெரியாது. திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி அடிக்காமல் கூரைக்கு அரையடி கீழே அடித்து, துணி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கவிட்டால் நாலடி ஜன்னல் வாசல் மாதிரி தெரியும். நடு உச்சியில் ஒரே குழல் விளக்கு என்றால் மூலையெல்லாம் இருட்டாகி அறை சிறுத்துவிடும். அதற்குப் பதில் சுவரோரம் இரண்டு மூன்று இடத்தில் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி போடலாம். பேப்பர் படிக்கிறவர் தலைக்குப் பின்னால் மட்டும் ஒரு வெள்ளை விளக்கு இருக்கட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் பொடி எழுத்து எனக்குப் புலப்படுவதில்லை.

இதையெல்லாம் விடச் சுலபமான ஒன்று இருக்கிறது. ஜன்னலில் கொசுவலை அடித்திருப்பீர்கள். அதைக் கடைசியாகக் கழுவியது எப்போது? சென்னைத் தூசியில் ஆறு மாதத்தில் அது கோணிச் சாக்காகிவிடும். வெளிச்சத்தில் பாதியை அதுவே குடித்துவிடும். கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். என் வீட்டில் இதைச் செய்த அன்று, வெள்ளையடித்தீர்களா என்று கேட்டார் கீழ் வீட்டுக்காரர்.

ஷோகேஸைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் வாங்கிய கோப்பை, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிங்கம், ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கடிகாரம் பொருத்திய கேடயம். எறியச் சொல்லவில்லை. ஐம்பது சின்னப் பொருளைக் கண் ஒவ்வொன்றாக எண்ணிக் களைத்துப்போகிறது, அதனால் அறையும் நெரிசலாகத் தெரிகிறது. மூன்றை வெளியே வையுங்கள், மற்றதைப் பரணில் ஏற்றுங்கள், ஆறு மாதம் கழித்து மாற்றுங்கள். அப்பா அம்மா படத்தை மட்டும் பரணில் ஏற்றாதீர்கள். டிசைனுக்கு ஒத்துவரவில்லை என்று அதையும் படுக்கையறைக்கு அனுப்புகிறார்கள் இப்போது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு நல்ல மெல்லிய சட்டம் போட்டு வெறும் சுவரில் தனியாக மாட்டிப் பாருங்கள், அதைவிட ஸ்டைலான பொருள் கடையில் கிடைக்காது.

சாமான் வாங்கும் முன் இன்னொரு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொலு வைக்கிற வீடு என்றால் ஐந்து படிக்கு ஆழம் நாலைந்து அடி வேண்டும், அதற்கு முன்னால் கோலம், அதற்கும் முன்னால் பாட வருகிற மாமிகள் உட்கார இடம். கொலு இல்லாத வீட்டிலும் சீமந்தம் உண்டு, பெண் பார்க்க வருவது உண்டு, துக்கம் விசாரிக்க வருவதும் உண்டு. அன்றைக்கு அந்த எல் ஷேப் சோபாவை எந்த அறைக்குள் தள்ளுவீர்கள்? வாசல் வழியாக அது உள்ளே வருமா என்று பார்ப்பவர்கள், பெட்ரூம் கதவு வழியாகப் போகுமா என்றும் அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.