பாடகர் என்று சொல்லி முடித்துவிட்டோம்

கே.ஏ. குணசேகரன் காலமானது 2016 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதி அறையொன்றில் ரோஹித் வெமுலா உயிரை விட்டதும் அதே நாளில்தான். அந்த வாரம் முழுக்க நாட்டின் வளாகங்கள் ரோஹித்தின் பெயரைச் சொல்லிக் கொதித்தன. கொதித்திருக்கத்தான் வேண்டும். புதுச்சேரியில் மறைந்த நாடகப் பேராசிரியருக்குக் கிடைத்தவை அஞ்சலிக் குறிப்புகள். நான் படித்த குறிப்புகளில் அநேகமாக எல்லாமே ஒரே சொல்லில் தொடங்கின: நாட்டுப்புறப் பாடகர்.

பாடகர்தான், மறுக்கவில்லை. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடல் ஊர் ஊராகப் போனதென்றால் அதற்கு அந்தக் குரல் முக்கியக் காரணம். 'தன்னானே' குழுவோடு அவர் ஏறாத மேடை குறைவு. இடதுசாரி மேடைகள், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் மேடைகள் இரண்டிலும் ஒலித்த குரல் அது. ஆனால் அந்த ஆள் நாடகம் எழுதினார், இயக்கினார், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்து நாடகம் சொல்லிக்கொடுத்தார், 'தலித் அரங்கியல்' என்று ஒரு நூலே எழுதினார், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். இத்தனைக்கும் பிறகு அவர் நம் நினைவில் 'பாட்டுக்காரர்' என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது எப்படி? நாடகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்கிற முறையில் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை யார் சொன்னாலும் சில பெயர்கள் தவறாமல் வரும். கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி வருவார், சே. இராமானுஜம் வருவார், மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்திய மு. இராமசாமி வருவார். வரவேண்டியவர்கள்தான், அவர்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. முத்துசாமி தெருக்கூத்தைத் தேடிப் போனார், புரிசையிலிருந்து கற்றுக்கொண்டார். அப்படி வெளியிலிருந்து கூத்தைத் தேடிப் போனவருக்கு நாம் வைத்த பெயர் நவீன நாடகக்காரர். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் உள்ளேயே பிறந்து, அங்கிருந்து பல்கலைக்கழக மேடைக்கு வந்தவருக்கு வைத்த பெயர் நாட்டுப்புறக் கலைஞர். ஒரே கச்சாப்பொருள்தான். வெளியே இருந்து எடுத்தால் அது பரிசோதனை, உள்ளே இருந்து கொண்டுவந்தால் அது பிறவிக் குணம். ஒருவருக்குச் சிந்தனையை ஒப்புக்கொடுத்துவிட்டு, இன்னொருவருக்குக் குரல்வளத்தை மட்டும் விட்டுவைக்கிற இந்தப் பங்கீடு சாதியின் பங்கீடுதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. திட்டம் போடாமலே நடப்பதால்தான் பிடிபடுவதில்லை.

அவர் பிறந்தது 1955இல், இளையான்குடி பக்கத்து மாரந்தையில். 2005இல் காலச்சுவடு வெளியிட்ட 'வடு' தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்த நிலம் தெரியும். இஸ்லாமியர் நிறைந்த இளையான்குடியில் முறை சொல்லிக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குள் போகலாம். அங்கிருந்து சொந்தக் கிராமத்துக்குப் போனால் உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். பள்ளியில் உதவித்தொகைக் கணக்கெடுப்பு என்றால் சாதியைச் சொல்லி எழுந்து நிற்க வேண்டும். ஒரே பையன் சில மைல் தூரத்துக்குள் இரண்டு விதமாக நடக்கவும் நிற்கவும் பேசவும் பழகுகிறான். நாடகப் பள்ளிகளில் 'உடல்மொழி' என்று ஒரு தாள் வைத்து இதைத்தான் கஷ்டப்பட்டுச் சொல்லித்தருகிறார்கள். எந்தத் தெருவில் தோளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சேரிக் குழந்தைக்கு ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வந்து சொல்லவேண்டிய அவசியமில்லை.

'வடு'வின் பெரும்பகுதி பள்ளி, கல்லூரி நாட்கள்தான். கவிஞர் மீரா பேராசிரியராக இருந்த சிவகங்கைக் கல்லூரி, பிறகு மதுரை என்று போகிறது. பேராசிரியரான பிறகு வளாகத்துக்குள் என்னென்ன நடந்தது என்று அதே கூர்மையோடு இரண்டாம் பாகம் ஒன்று எழுதியிருந்தால் என்று ஏங்காத ஆய்வு மாணவர் இருக்க முடியாது. கிராமத்துச் சாதியைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதியாகிவிட்டது. ஆசிரியர் அறையின் சாதியைப் பற்றி இன்னும் கிசுகிசுவாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

அவருடைய சிந்தனைக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு கேட்டால் 'சேரிப்புறவியல்' என்ற அவருடைய சொல்லைக் காட்டுவேன். நாட்டுப்புறவியல் என்கிற துறை பாட்டையும் ஆட்டத்தையும் சேகரித்து 'மக்கள் கலை' என்று பெயர் எழுதி ஒட்டியது. எந்த மக்கள்? நாட்டுப்புறம் என்று ஒன்று கிடையாது. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. கும்மி கொட்டுகிற முற்றமும் சாவுக்குப் பறையடிக்கிற தெருமுனையும் ஒரே இடமல்ல. பறையடித்தவருக்குக் கிடைத்தது கலைஞர் என்ற மரியாதையல்ல, அடிமை ஊழியம். 'நாட்டுப்புறம்' என்ற சொல் அந்தக் கோட்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் பச்சை வயலாகக் காட்டுகிறது. சேரிப்புறவியல் என்று சொன்ன உடனே கோடு திரும்பத் தெரிகிறது. ஒரு துறையின் பெயரில் ஒற்றைச் சொல்லை மாற்றி அதன் அடித்தளத்தையே கேள்வி கேட்பவரைக் கோட்பாட்டாளர் என்று அழைக்க வேண்டும். நாம் அவரைப் பாடச் சொன்னோம்.

பறை பற்றிய விவாதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இழிவின் கருவி, தூக்கிப் போடு என்று சொன்ன தலித் இயக்கத் தோழர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பனும் பாட்டனும் அதை அடித்ததற்காக வாங்கிய வசவு அவர்கள் காதில் இருந்தது. விரும்பி எடுத்து, விடுதலைக்காக அடிப்போம் என்றவர்கள் இன்னொரு பக்கம். குணசேகரன் இரண்டாவது பக்கம் நின்றார். நானும் அங்கேதான் நிற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இன்று கல்லூரி விழாக்களில் பறை அடிக்காத மேடை இல்லை. அடிக்கிறவர்களில் பலருக்கு அது ஒரு தாளவாத்தியம், நல்ல உடற்பயிற்சி. அந்த வளாகத்திலேயே துப்புரவுப் பணி யார் செய்கிறார்கள் என்பதற்கும் தங்கள் கையில் இருக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

நாடகங்களுக்கு வருகிறேன். 'பலி ஆடுகள்', 'சத்திய சோதனை', 'தொடு' என்று அவர் எழுதியவற்றில் அதிகம் பேசப்பட்டது 1990களின் தொடக்கத்தில் வந்த 'பலி ஆடுகள்'. தமிழின் முதல் தலித் நாடகம் என்று அதைச் சொல்வது வழக்கம். 'முதல்' பட்டத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அதன் அமைப்பில்தான் ஆர்வம். பலி கொடுக்க மனித உயிர் ஒன்று தேவை என்று ஊர் தேடுகிறது. தேடல் இயல்பாகவே சேரிக்கு வந்து சேர்கிறது. இதுவரை நாம் எதிர்பார்த்த கதைதான். கத்தி அதோடு நிற்கவில்லை. சேரிக்குள்ளும் இறங்கிப் பெண்ணிடம் போகிறது. மேலே இருப்பவன் கீழே தள்ளியதைக் கீழே இருக்கும் ஆண் இன்னும் கீழே தள்ளுகிறான். பாமாவின் 'கருக்கு' வெளியான 1992ஐ ஒட்டிய காலத்திலேயே ஒரு தலித் ஆண் இதை மேடையில் சொல்லத் துணிந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. பலியாகிறவளாகவே அதிகம் தெரிகிறாள்.

இதை இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'யோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புதுச்சேரி நாடகப் பள்ளியை உருவாக்கி வளர்த்தவர் இ.பா. அதே பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் குணசேகரன். 'நந்தன் கதை'யில் நந்தனை ஆதிக்கச் சாதியினர் ஆசைகாட்டி ஏமாற்றித் தீயில் இறக்குகிறார்கள். சாதியின் சூழ்ச்சியைக் கூர்மையாகக் காட்டிய நாடகம் அது. ஆனால் சூழ்ச்சி எல்லாம் மேலே இருப்பவர்களுக்கே. நந்தனுக்கு வாய்ப்பது வெகுளித்தனம். குணசேகரனின் சேரியில் வெகுளிகள் இல்லை. தப்பிக்கப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறார்கள். முழு மனிதர்களாக இருக்கிறார்கள். ஒரே வளாகத்தோடு தொடர்புடைய இந்த இரண்டு பிரதிகளையும் எதிரெதிரே வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். நான் படித்த துறையில் முதலாவது பாடத்தில் இருந்தது, இரண்டாவது 'கூடுதல் வாசிப்பு' பட்டியலில் இருந்தது.

அதே துறையில் என் ஆய்வுத் தலைப்பைப் பார்த்த குழு உறுப்பினர் ஒருவர் கனிவாகவே கேட்டார்: "இது நாட்டுப்புறவியல்ல செய்ய வேண்டிய தலைப்பாச்சே தம்பி, நாடகத்துக்குள்ள எப்படி வரும்?" பலி ஆடுகள் நாடகம் சார் என்றேன். தெரியும் தெரியும் என்றார். அவருக்குத் தீய எண்ணம் ஒன்றும் இல்லை. களரியும் யோகாவும் நாட்டிய சாஸ்திரமும் ஆண்டு முழுக்க நடக்கும் பயிற்சி, ஒயிலாட்டமும் பறையும் பத்து நாள் பட்டறை என்று அமைத்துவைத்த பாடத்திட்டம் அவரையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது.

நாடக இயக்குநரின் வேலை காற்றில் கரைகிற வேலை. பாட்டு கேசட்டில் தங்கும், புத்தகம் நூலகத்தில் தங்கும். ஒத்திகையில் அவர் ஒரு மாணவரை எங்கே நிறுத்தினார், எந்த இடத்தில் பறையை நிறுத்திவிட்டு மௌனத்தை விட்டார் என்பது அதில் நடித்தவர்களின் உடம்பில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் பாட்டு மட்டும் மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற இயக்குநர்களுக்குத் தயாரிப்புக் குறிப்புகளைத் தொகுத்தார்கள், நேர்காணல் எடுத்தார்கள், சிறப்பிதழ் போட்டார்கள். நினைவு தானாகத் தங்குவதில்லை, யாரோ உட்கார்ந்து தங்கவைக்கிறார்கள்.

அவரிடம் படித்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதுகளில் இருக்கிறார்கள். நாடகம் படித்தவருக்கு நம் அரசுப் பள்ளிகளில் நாடக ஆசிரியர் என்று ஒரு பணியிடமே இல்லாததால், துறையை விட்டு விலகிப் போனவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசவைப்பதுதான் இப்போது என் ஆய்வின் பாதி வேலை. இதைப் படிக்கும் யாரிடமாவது 'தன்னானே' கேசட்டோ, ஒத்திகைப் புகைப்படமோ, ஓரத்தில் பென்சில் குறிப்பு எழுதிய நாடகப் பிரதியோ பரணில் கிடந்தால் கரையானுக்கு விடாதீர்கள். ஒரு நகல் எடுத்து உங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கோ படிப்பகத்துக்கோ கொடுங்கள். அடுத்த ஏப்ரல் 14க்குப் பாட்டுக்கச்சேரி வைக்கத் திட்டமிடும் மாணவர் அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன்: பாட்டு இருக்கட்டும், கூடவே 'பலி ஆடுகள்' போடுங்கள். ஒத்திகைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் மரத்தடி போதும்.