மெஷினு பொய் சொல்லாதா?

பொட்டி தட்டுறவனுக்கு தராசைப் பத்தி என்னய்யா பேச்சுன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு மக்கா.

அம்மாவோட மூணு பவுன் சங்கிலி உத்திரமேரூர் பஜார்ல ஒரு அடகுக் கடையில இருந்துச்சு. வைக்கும்போது கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கிற பழைய தராசுல நிறுத்து, ரசீதுல 24.100 கிராம்னு எழுதிக் கொடுத்தாங்க. போன மாசம் மீக்கப் போனா தராசு காணோம், பளபளன்னு எலக்ட்ரானிக் மெஷின். சங்கிலியை வச்சா 24.040. அறுபது மில்லிகிராம் குறையுது. கிராம் பத்தாயிரத்தைத் தாண்டின 2025-க்கு அப்புறம் இது அறுநூறு ரூபாய்க்கு மேல. அப்பாவுக்கு மூஞ்சி மாறிடுச்சு. "சுரண்டிட்டாங்கடா"ன்னு என் காதுல சொல்றாரு. கடைக்காரரோ, "மெஷினு பொய் சொல்லாது தம்பி, பழைய தராசுதான் தப்பு"ங்கிறாரு.

இங்கதான் எனக்கு மாற்றுக் கருத்து. பழைய தராசுல திருட்டுத்தனமே இல்லைன்னு சொல்லல. தட்டுக்கு அடியில புளி ஒட்டுறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அதை வாங்க வர்றவனே கண்டுபிடிக்கலாம். வெறும் தட்டு சமமா நிக்குதான்னு பாரு. அப்புறம் நகையையும் கல்லையும் தட்டு மாத்தி வைக்கச் சொல்லு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னா அந்த எடத்துலயே பல்லை இளிச்சிடும். எட்டாங்கிளாஸ் படிச்சவனுக்கும் புரியும்.

மெஷின்ல அப்படி எதைப் பாக்குறது? உள்ள இருக்கிற லோட் செல் எவ்வளவு அமுங்குதுன்னு பாத்து நம்பரா மாத்திக் காட்டுது. அது ரெண்டு பொருளை ஒப்பிடல, விசையை அளக்குது. இங்க சரி பண்ண மெஷினை அப்படியே ஊட்டிக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க புவியீர்ப்பு கம்மிங்கிறதால இதே சங்கிலி பத்து மில்லிகிராம் அளவுக்குக் குறைச்சுக் காட்டும். தராசுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, கல்லும் சேர்ந்துதானே லேசாகுது! சட்டமும் தராசை 24 மாசத்துக்கு ஒரு தடவையும், எலக்ட்ரானிக் மெஷினை 12 மாசத்துக்கு ஒரு தடவையும் முத்திரை போடச் சொல்லுது. காரணம் இல்லாமலா?

அமெரிக்காவுல வீட்டுலயே தோட்டா நிரப்பிக்கிற ஆளுங்களுக்குள்ளயும் இதே சண்டை நடக்குது. அவங்க மருந்தை கிரெய்ன் கணக்குல நிறுப்பாங்க. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், அதாவது எங்க சங்கிலியில தொலைஞ்ச அளவுதான். மருந்து கூடிப்போனா துப்பாக்கி கையிலயே வெடிக்கும். அதனால டிஜிட்டல் வாங்கினவங்களும் பக்கத்துல ஒரு எடைக்கல்லு வச்சிருப்பாங்க. நாம கோட் எழுதிட்டு, விடை தெரிஞ்ச ஒரு கணக்கைக் கொடுத்து டெஸ்ட் பண்றோமே, அதேதான்.

எனக்கு மெஷின் மேல கோவம் இல்லை. வேகம், மில்லிகிராம் வரைக்கும் காட்டுது, நல்லதுதான். ஆனா கவுண்டர் மேல முத்திரை போட்ட கல்லு ஒண்ணு இருக்கணும், கேக்குறவனுக்கு வச்சுக் காட்டணும். அஞ்சு ரூபா காசு இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. 2011 வரிசை அஞ்சு ரூபா 6 கிராம்தான். ஆனா காசுக்குக் காசு கொஞ்சம் மாறும், பெரிய தில்லாலங்கடியை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

(சின்ன பிட்டு: குடவோலைன்னு எங்க ஊர்ப் பெருமை பேசாத ஆளில்லை. பராந்தக சோழன் காலத்து அதே கல்வெட்டுல தங்கத்துக்குன்னு தனியா பொன் வாரியம் இருந்ததை யாரும் பேச மாட்டேங்குறாங்க.)

சரி, சங்கிலிக்கு வருவோம். "அண்ணே, பழைய கல்லு இருந்தா ஒண்ணு வச்சுக் காட்டுங்களேன்"னேன். முனகிக்கிட்டே டிராயர்ல தேடி 20 கிராம் கல்லை எடுத்து வச்சாரு. 19.950! அவருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. குனிஞ்சு பாத்தா, மெஷினோட ஒரு பக்கத்துக் கால் தடி ரசீது புக்கு மேல ஏறி உக்காந்திருக்கு. மட்டம் பாக்குற குமிழி ஒரு ஓரமா ஒதுங்கிக் கிடக்கு. புக்கை உருவிட்டு, பூஜ்யம் பண்ணி வச்சோம். கல்லு 20.000, சங்கிலி 24.100.

யாரும் சுரண்டல. அப்பா கடைக்காரர்கிட்ட அசடு வழிஞ்சுக்கிட்டே டீ சொன்னாரு. வீட்டுக்கு வந்து இவ்வளவு கதையும் சொன்னா, அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "வட்டி எவ்வளவுடா ஆச்சு?"