'பிளாக் பண்ணிட்டுப் போ' என்பது தீர்வல்ல

அம்பேத்கர் படத்தை இன்ஸ்டாகிராமில் பகிரும் தலித் மாணவிக்குக் கமெண்டில் சாதி வசவு வருகிறது. இன்பாக்ஸில் 'வெட்டுவோம்' என்று மிரட்டல் வருகிறது. வெளியே சொன்னால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பிளாக் பண்ணிட்டுப் போ."

தோழர்களே, இதைக் கேலி என்றோ இணையச் சண்டை என்றோ நாம் ஏற்க முடியாது. நாங்குநேரியில் பள்ளியில் தொடங்கிய சாதித் தொல்லை, 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து மாணவனையும் தங்கையையும் வெட்டுவதில் போய் முடிந்தது. சாதி வசவு சொல்லோடு நின்றுவிடும் என்று நம்ப நமக்குக் காரணம் இல்லை.

பொதுப் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்துக்கும் இது பொருந்தும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இன்பாக்ஸில் வரும் கொலை மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351 இருக்கிறது.

ஆகவே முதல் வேலை சாட்சியம். கணக்கின் பெயர், தேதி, இணைப்பு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுப்போம். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. பதிலுக்கு வசைபாட வேண்டாம், அது எதிர்ப் புகாருக்குத்தான் உதவும்.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவோம். காவல் நிலையத்தில் "சமாதானமாப் போங்க" என்றால் பிரிவு 4-ஐ நினைவூட்டுவோம்: வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியலினத்தவர் அல்லாத அரசு ஊழியருக்கும் அதில் தண்டனை உண்டு.

மிரட்டுபவர்கள் கூட்டமாக வருகிறார்கள். புகார் கொடுக்கப் போகிறவளை மட்டும் நாம் ஏன் தனியே அனுப்ப வேண்டும்?