ஞாயிறு ஓட்டமும் இருபத்தெட்டாம் நாள் ஊசியும்

ஆகஸ்ட் மாதம் நெருங்க நெருங்க, ஹைதராபாத் சாலைகளில் விடியற்காலை நாலரை மணிக்கே ஆட்கள் ஓடுவதைக் காணலாம். இவர்கள் பந்தய வீரர்கள் அல்லர். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ரயில்வே குமாஸ்தா, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் என்று எல்லாத் தரப்பிலும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் நடைபெறும் ஹைதராபாத் மாரத்தானுக்கு ஆயத்தமாகிறார்கள். நெக்லஸ் ரோட்டில் புறப்பட்டு, மேம்பாலங்களில் ஏறி இறங்கி, கச்சிபௌலி ஸ்டேடியத்தில் முடியும் 42.195 கிலோமீட்டர் அது. பாதித் தூரம் ஓடுவோரும், 10 கிலோமீட்டரோடு திருப்தியடைவோரும் ஏராளம்.

செகந்திராபாத்தில் மெட்டுகுடா, லாலாகுடா பக்கம் குடியிருக்கும் தமிழர் ஒருவர் இப்படி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய வாரம் பஞ்சாங்கம் போல் கணக்காக இருக்கும். திங்கள் ஓய்வு. செவ்வாயன்று மைதானத்தில் வேகச் சுற்றுகள். புதன் மெதுவோட்டம். வியாழன் மேடேறும் பயிற்சி. அதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. வெள்ளி ஓய்வு, சனி கொஞ்சம் கைகால் அசைப்பு. ஞாயிறுதான் பெரிய நாள்: இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். மனைவி மளிகைச் சீட்டு எழுதக் கேட்டால் மட்டும் பேனா கிடைக்காது!

தார் ரோடு முழங்காலைப் பதம் பார்க்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மண்பாதை தேடிப் போவது இவர்களிடையே வழக்கம். உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம், கண்டிப்பேட்டை ஏரிக்கரை, கருங்கற்பாறைகளுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதை என்று இடங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. கல் இடறும், கணுக்கால் பிசகும் என்று எதிர்பார்த்தே போகிறார்கள். ஆனால் எதிர்பாராதது புதர் மறைவிலிருந்து நாய் உருவில் வருகிறது. ஓடுகிற காலைக் கண்டால் துரத்துவது நாயின் சுபாவம். நின்று, கைகளைத் தொங்கவிட்டு, அதன் கண்ணை முறைக்காமல் மெல்லப் பின்வாங்குவதுதான் தப்பிக்கும் வழி. இருட்டில் நாலு நாய் சேர்ந்து வரும்போது இந்தப் பாடமெல்லாம் எத்தனை பேருக்கு நினைவில் நிற்கும்?

கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து லேசாக ரத்தம் கசிகிறது. இங்கேதான் விபரீதம் ஆரம்பமாகிறது. “சின்னக் கீறல்தானே” என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தையும் ஓடி முடிப்பதில் ஒரு வீராப்பு. வீட்டுக்கு வந்தால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம். இவற்றில் ஒன்றும் வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே ஊசி.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தில் 22 வயதுக் கபடி வீரர் ஒருவர் வெறிநோயால் இறந்தார். சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றப் போனபோது விரலில் பட்ட கடி. அற்பக் காயம் என்று ஊசி போடாமல் விட்டிருந்தார். உடல் வலிமைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து செல்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிதான் மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். அறிகுறி கண்ட பிறகு பிழைத்தவர்கள் உலகிலேயே மிக அபூர்வம்.

பெரியவர்கள் ஊசிக்குப் பயப்படுவதில் நியாயம் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது அந்தக் காலக் கதையல்ல, உண்மை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தமிழருக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் நாய்க்கடிக்கு மருந்து தந்து வருவது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இண்டியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனத்தின் ‘அபய்ராப்’ தடுப்பூசியோ ஊட்டியில் உருவாகிறது. இந்த நகரில் நாராயண்குடாவிலுள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தை ஆட்டோக்காரர்கள் அனைவரும் அறிவர்.

ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். இதைக் கேட்டுப் பெறாமல் திரும்பி வருவோர் உண்டு. “நாயைப் பத்து நாள் பாருங்கள், நன்றாயிருந்தால் பயமில்லை” என்ற யோசனையும் பாதி உண்மைதான். நாயைப் பார்க்கலாம், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தெருநாயைப் பத்து நாள் கழித்து எங்கே போய்த் தேடுவது?

நாய்கள் விஷயத்தில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடுவது 2023-ம் ஆண்டு விதிகளின் முறை. அவற்றில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் அடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அம்பர்பேட்டையில் 2023 பிப்ரவரியில் நாலு வயதுச் சிறுவனை நாய்கள் கொன்றபோது நகரமே கொதித்தது. பிறகு கோழிக்கடை வாசல்களில் குப்பை பழையபடி குவிந்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள், விளையாட்டு அரங்குகள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அரங்குக்குள் ஓடுபவருக்கு அது பாதுகாப்பு. வெளியே ஏரிக்கரையில் ஓடுபவருக்கு?

நாயை விரட்டுவது பெரிய வேலை, நாளாகும். ஊசியை ஒழுங்காகப் போடுவது சின்ன வேலை. அதிலேதான் கோட்டை விடுகிறோம். சதையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. ஓட்டக்காரரை ஞாயிற்றுக்கிழமை கடித்ததென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் ஊசி ஞாயிறு, அடுத்தது புதன், மற்றவை அனைத்தும் ஞாயிற்றுக்கிழமைகள். வெளிநோயாளிப் பிரிவு மூடிக் கிடக்கும் நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, காயமும் ஆறிவிட்டதால், நாலாவது வாரம் அவர் ஏரிக்கரைக்கே ஓடப் போய்விடுகிறார். நாராயண்குடா வரை வர முடியாத மௌலாலிக்காரருக்கும் மல்காஜ்கிரிக்காரருக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாவது இந்த ஒரு ஊசிக்காகக் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு நர்சும் குளிர்ப்பெட்டியும் போதும். மாரத்தான் அன்று அதிகாலை மூன்று மணிக்கே வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட முடிகிற நகரம் இது.