'உனக்கென்ன குறை?' என்று கேட்காதீர்கள்!

பிளஸ் டூ படிக்கிற பிள்ளையை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது வல்லாரை லேகியம்தான். 'ஞாபகசக்தி போயிடுச்சு டாக்டர். எப்பவும் படுத்தே கிடக்கான். கேட்டா எரிஞ்சு விழறான்...'

நாடி பார்த்துவிட்டு, பெற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால், பல நேரம் கதையே வேறு! 'மனசு சரியில்லைன்னு சொன்னேன் டாக்டர். மூணு வேளை சோறு, தனி ரூம், செல்போன்... உனக்கென்ன குறைன்னுட்டாங்க.' அதோடு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

'எனக்கு மனச்சோர்வு' என்று எந்தப் பிள்ளையும் வந்து நிற்காது. தலைவலி, வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போகல என்றுதான் வரும். தூக்கம் கெடும், பிடித்த கிரிக்கெட்டும் கசக்கும். அழுகைக்குப் பதில் சிடுசிடுப்பு! இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று விடாதீர்கள். சித்த மருத்துவத்தில் மனநோய்க்குக் 'கிரிகை' என்றே பெயருண்டு. முன்னோருக்குத் தெரிந்தது நமக்கு மறந்துபோச்சு.

பிள்ளை வாய் திறந்தால் புத்திமதியை ஆரம்பிக்காதீர்கள். 'எப்பேர்ந்து இப்படி இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பேச்சு வராது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது தானாக வரும். அம்மாக்களுக்கு ஒன்று: அதை அன்றைக்கே சித்திக்கு போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். காதில் விழுந்தால் அடுத்த முறை உங்களிடம் வராது.

'வாழவே பிடிக்கலையா, செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டுங்கள். அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். ராத்திரியானாலும் 14416-க்குப் பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச சேவை, தமிழிலும் பேசுவார்கள்.

வல்லாரை, அமுக்கரா நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் இந்த நோய்க்கு அது மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் இதே சோர்வு வரும், அதையும் பார்த்துவிடுங்கள். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் அவரிடமும் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்.

'பொண்ணாச்சே... நாளைக்குக் கல்யாணம்னு வந்தா?' என்று தயங்குகிறார்கள். அவளுக்கு வயசு பதினாறு! கல்யாணப் பேச்சு காத்திருக்கும். டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.