தோட்டம் விற்றபின் தங்குவது எங்கே?

தோட்டத்து மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது, ஆதலால்தான் சொந்த வீடில்லை என்று பேசுவோர் பேராக்கின் வரலாற்றை அறியாதவர்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை விலைக்கு வாங்கியவர்கள் இதே பால்மரத் தொழிலாளர்கள்தாமே!

குறை ஏற்பாட்டில் உள்ளது. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. இரப்பர்த் தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ கைமாறியபோது வேலையும் கூரையும் ஒருசேரப் போயின. பின்னர் ஈப்போவிலே, புந்தோங்கிலே வாடகை அறை, தற்காலிகமாம்! கைக்கு வந்த இழப்பீடு வாடகையில் கரைந்தால் சொந்த வீட்டுக்கு முன்பணம் எங்ஙனம் சேரும்? மாற்று வீட்டின் சாவி தொழிலாளியின் கைக்கு வரும்வரை எந்த லயத்தையும் இடிக்க அனுமதி வழங்கலாகாது.